கறுப்புச் சீருடையும் அயலார் கண்களும்

2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆம் நாள், பேர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடிப் பரிசு பிரேசில் நாட்டுப் படமொன்றுக்கு வழங்கப்பட்டது. ஜோசே பாடிலியா நெறிப்படுத்திய 'துரோப்பா டி எலீட்டே' என்பது அதன் பெயர். 'தேர்ந்தெடுத்த படை' என்று தமிழிற் சொல்லலாம். பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அமெரிக்கத் திரைத்துறை ஏடாகிய 'வெறைற்றி'யின் விமர்சகர், பாசிசக் குண்டர் கூட்டத்துக்கு ஆட்சேர்க்கும் படம் இது என்னும் பொருள்பட எழுதிவிட்டார். பரிசளித்த நடுவர் குழுவின் தலைவரோ கொஸ்தா காவ்ராஸ். 1969இல் 'இசட்' என்னும் படத்தின் வாயிலாகக் கிரேக்க நாட்டு இராணுவ ஆட்சி எங்ஙனம் கருக்கொண்டது என்பதை உலகறியச் செய்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் இடதுசாரிக் கலைஞர் எனப் பெயர்பெற்றவர்.

ஒரே படத்தை ரியோ டி ஜெனீரோ நகர இளைஞர் கைதட்டி ஆரவாரித்துப் பார்த்தனர். அயல்நாட்டு விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர். அயல்நாட்டு நடுவர் குழு முடிசூட்டியது. இதனைச் சுவை வேறுபாடு என்று சொல்லி நாம் ஒதுக்கிவிட முடியாது. படம் வெளிவந்த 2007ஆம் ஆண்டில் மட்டும் ரியோ மாநிலப் பொலிசாரின் கையால் 1,330 பேர் மாண்டனர் என்பது அம்மாநில அரசின் சொந்தக் கணக்கு. அவ்வாண்டு நவம்பரில் அங்கு சென்ற ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், நாளொன்றுக்கு மூவர் என்ற வீதத்தில் கடமையிலுள்ள பொலிசார் மக்களைக் கொன்றுவருவதைச் சுட்டிக்காட்டினார். படத்தைப் பற்றி உலகெங்கும் எழுந்த வாதம் இந்த மனிதரைப் பற்றிய வாதமாக மாறியதா என்பதே நமக்கு முக்கியமான வினா. அதற்கு விடைகாண வேண்டுமாயின் படத்துக்கு முற்பட்ட வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும்.

நெப்போலியனின் படைக்கு அஞ்சி ஓடிய போர்த்துக்கேய அரசவை 1808இல் ரியோவில் வந்திறங்கியது. மறு ஆண்டே அரச பொலிஸ் காவற்படை நிறுவப்பட்டது. அந்நகரின் மக்களிற் பெரும்பகுதியினர் அடிமைகள். கூட்டங்கூடிய அடிமையையும் ஓடிப்போன அடிமையையும் பிடித்துச் சவுக்காலடிப்பதே அப்படையின் நாளாந்த அலுவலாயிருந்தது. இன்றைய ரியோ இராணுவப் பொலிசின் சின்னத்தில் கரும்புத் தண்டும் கோப்பிக் கிளையும் காணப்படுகின்றன. எவருடைய சொத்தைக் காப்பதற்கு அது பிறந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சியம் வேண்டியதில்லை. அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். விடுதலை பெற்றவர்களுக்குக் காணியுமில்லை, கூலியுமில்லை. 1897இல் கனூதோஸ் என்னுமிடத்தில் ஏழை விவசாயிகளின் குடியிருப்பை அழித்துவிட்டுத் திரும்பிய போர்வீரர்களும் வாக்களிக்கப்பட்ட வீடு கிட்டாமையால் ரியோவின் குன்றொன்றிற் குடிசை போட்டனர். போர்க்களத்தருகே கண்ட குன்றின் பெயரையே அதற்கும் இட்டனர். பவேலா என்ற சொல் அவ்வாறே நகரத்துக்கு வந்தது. ஏழைகளைக் கொல்ல அனுப்பப்பட்ட ஏழைகளே முதற் பவேலாவின் குடிகள் என்ற இந்தச் செய்தியை வாசகர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்தப் பவேலாக்களைத் திரையிற் காட்டுவதில் தொடக்கம் முதலே இரு பாதைகள் இருந்தன. 1955இல் நெல்சன் பெரெய்ரா டோஸ் சான்டோஸ், நிலக்கடலை விற்கும் பவேலாச் சிறுவர்களை நகரின் நடுவே நடமாடவிட்டு 'ரியோ, 40 பாகை' என்ற படத்தை எடுத்தார். அன்று நாட்டின் தலைநகராயிருந்த ரியோவின் பொலிஸ் தலைமை அதனைத் தடைசெய்தது. ரியோவில் வெப்பம் 40 பாகையை எட்டுவதேயில்லை என்பதும் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாம்! எழுத்தாளரும் மாணவரும் திரண்டெழுந்து போராடிய பின்னரே படம் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து, பிரெஞ்சுக்காரரான மார்செல் கமு அதே குன்றுகளுக்கு வந்து 'கறுப்பு ஓர்பேயஸ்' எடுத்தார். அதிற் பசியில்லை, பொலிஸ் கொடுமையில்லை. ஆடலும் பாடலும் கடல் தெரியும் மலைமுகடுமே உண்டு. கான் விழாவின் தங்கப்பனை 1959இலும் அமெரிக்க ஒஸ்கார் பரிசு 1960இலும் அதற்குக் கிட்டின. உலகம் எதனைக் காண விரும்பியது என்பது இவ்விரு படங்களின் கதியிலிருந்தே விளங்கும்.

இதற்கு எதிர்க்குரல் பிரேசிலிலிருந்தே எழுந்தது. 1964இல் அந்நாட்டின் ஆட்சியை இராணுவம் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஜனவரியில், இத்தாலியின் ஜெனோவா நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்கத் திரைப்பட மாநாட்டில், கிளாவ்பர் ரோஷா என்ற இளம் நெறியாளர் 'பசியின் அழகியல்' என்ற கட்டுரையைப் படித்தார். தன் துன்பத்தை இலத்தீன் அமெரிக்கன் அழுது சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ஐரோப்பியன் அதனைத் துன்பமாகக் கொள்வதில்லை. தன் சலிப்பைப் போக்கும் புதுச்சுவையாகவே கொள்கிறான் என்பது அக்கட்டுரையின் சாரம். ஐரோப்பியர் அவையில் நின்றே ஐரோப்பியரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. ஏறக்குறைய நாற்பதாண்டுகளின் பின், 'கடவுளின் நகரம்' (2002) என்ற படம் பவேலாச் சிறுவர் ஒருவரையொருவர் சுட்டுக்கொல்வதை மினுக்கும் வேகத்துடன் காட்டி உலகை வலம்வந்தபோது, ரியோவின் பேராசிரியர் இவானா பென்டெஸ் ரோஷாவின் தலைப்பையே திருப்பிப் போட்டு, இது பசியின் அழகியலன்று, பசியின் ஒப்பனை என்று கூறினார். அப்படத்தின் மேல் இத்தீர்ப்பு முற்றும் நியாயமென நான் எண்ணவில்லை. ஆனால் அயலார் கண்ணுக்காக வறுமை அலங்கரிக்கப்படும் அபாயத்தைக் குறிப்பதற்கு அதனிலும் பொருத்தமான சொல் இன்னும் கிடைத்திலது.

பாடிலியா இந்த மரபை அறியாதவரல்லர். அவருடைய முதற் பெரும் ஆக்கம் 2002இல் வந்த 'பேருந்து 174' என்ற ஆவணப்படம். 2000ஆம் ஆண்டு யூன் 12இல் ரியோவில் இளைஞனொருவன் பேருந்தொன்றைக் கைப்பற்றிப் பயணிகளைப் பணயம் வைத்தான். நாடு முழுவதும் மணிக்கணக்காகத் தொலைக்காட்சியில் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறுதியிற் பொலிசாரின் குறி தவறியது. பணயப் பெண்ணொருத்தி மாண்டாள். பிடிபட்ட இளைஞன் பொலிஸ் வாகனத்துக்குள்ளேயே மூச்சுத்திணற அடக்கப்பட்டு இறந்தான். அவன் யார்? 1993 யூலையில் கன்டெலாரியா தேவாலயத்தருகே உறங்கிய தெருச் சிறுவர்மீது பொலிசார் சுட்டு எட்டுப் பேரைக் கொன்றபோது தப்பிப் பிழைத்தவன். அவனை அந்தப் பேருந்துக்குக் கொண்டுவந்த பாதையைப் படம் பொறுமையுடன் தேடிச் சென்றது. அதனாற் குற்றவாளிக்குப் பரிந்து பேசும் இடதுசாரி என்று பாடிலியா ஏசப்பட்டார். ஐந்தாண்டுகளின் பின் பொலிசின் பக்கமிருந்து படமெடுத்தபோது பாசிசவாதி என்று ஏசப்பட்டார். இரண்டு வசைகளையும் அருகருகே வைத்துக் காட்டுவது பின்னர் அவருக்கு வழக்கமாயிற்று.

'தேர்ந்தெடுத்த படை'யின் களம் 1997. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ரியோவுக்கு வரவிருக்கிறார். அவர் தங்குமிடம் பவேலா ஒன்றுக்கு அண்மையில் உள்ளது. அவர் துயிலுக்கு இடையூறின்றி அப்பகுதியைத் 'துப்புரவாக்கும்' பணி போப்பே எனப்படும் விசேடப் பொலிஸ் பிரிவுக்குத் தரப்படுகிறது. இராணுவ ஆட்சிக் காலத்தில், 1978இல் உருவாகிய பிரிவு அது. கறுப்புச் சீருடை, கத்தி பாய்ந்த மண்டையோடும் குறுக்கிட்ட இரு கைத்துப்பாக்கிகளும் இலச்சினை. கதையைச் சொல்பவன் கப்டன் நாசிமென்டோ. மனைவி கருவுற்றிருக்கிறாள், அவனுக்கோ நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மாத்திரை விழுங்குகிறான். தனக்குப் பதிலாள் ஒருவனைத் தேடிக்கொடுத்துவிட்டு விலகிவிட நினைக்கிறான். சாதாரணப் பொலிசின் இலஞ்ச ஊழலைப் படம் இரக்கமின்றிக் காட்டுகிறது. தம் பகுதியிற் கொலைக் கணக்குக் குறையவேண்டுமென்று பிணத்தை அயற்பிரிவின் எல்லையிற் கொண்டுபோய்ப் போடும் காட்சியைக் கண்டு சிரிக்காதிருத்தல் அரிது. அந்த ஊழலுக்கு எதிராக நிற்பவர்களாகவே கறுப்புச் சீருடையார் வருகின்றனர். இலஞ்சம் வாங்கமாட்டார்கள், ஆனால் பிடிபட்டவன் தலையிற் பிளாஸ்டிக் பையை மாட்டி மூச்சை அடைப்பார்கள். நேர்மையும் சித்திரவதையும் ஒரே உடலில் வாழ்வதைக் காட்டியதே இப்படத்தின் பலம். அபாயமும் அதுவே.

படம் வெளியாகுமுன் போப்பே அதிகாரிகள் சிலர் நீதிமன்றஞ் சென்று அதனைத் தடுக்க முயன்றனர், பலிக்கவில்லை. அதனினும் விந்தையான வேறொன்று நிகழ்ந்தது. அடிக்குறிப்பு வசனம் பொறிப்பதற்கென நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்ட பிரதி அங்கிருந்து களவாடப்பட்டு, 2007 ஓகஸ்டிலேயே ரியோவின் நடைபாதைக் கடைகளிற் குவிந்தது. ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருட்டுப் பிரதியிற் பார்த்தனர் என்பது ஒரு மதிப்பீடு. ஒக்டோபரில் முறைப்படி வெளியானபின் படமாளிகைக்குச் சென்றவர் ஏறக்குறைய 24 இலட்சம். ஆகவே பிரேசிலில் இப்படத்தின் முதற் பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்கும் நடுத்தர வர்க்கத்தார் அல்லர். பவேலாவாசிகளும் சாதாரணப் பொலிசாரும் பேருந்து நடத்துநரும் அவர்களுள் இருந்தனர். பயிற்சி முகாமிற் புதியவர்களை நோக்கி 'விலகிக்கொள்கிறேன் என்று கேள்' எனக் கப்டன் உறுமும் வசனம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பகிடியாயிற்று. அப்பகிடி ரியோவின் தெருப் பேச்சிலே பிறந்தது. அடிக்குறிப்பாக மொழிபெயர்க்கப்பட்டபோது பொருள் கடல்கடந்தது. சிரிப்போ கரையிலேயே நின்றுவிட்டது. அயல்நாட்டு விமர்சகருக்கு எஞ்சியது உறுமல் ஒன்றே.

கதைசொல்லியின் குரல் பற்றி இங்குக் கூறவேண்டும். முதலில் எழுதப்பட்ட கதை, சட்டக் கல்லூரியிற் படிக்கும் கறுப்பினப் பொலிஸ்காரனாகிய மத்தியாசை நடுவாகக் கொண்டிருந்தது. படத்தொகுப்பின்போதே நாசிமென்டோவாக நடித்த வாக்னர் மௌராவின் ஆற்றலை உணர்ந்து, முழுக் கதையையும் கப்டனின் வாய்மொழியாக மாற்றினர். தொழில்நுட்ப மாற்றம்தானே என்று கருதலாம். உண்மையில் படத்தின் அரசியலே அங்குதான் நிர்ணயமாயிற்று. ஏழைக் கறுப்பினத்தவன் ஒருவன் எப்படிக் கொலைக் கருவியாக்கப்படுகிறான் என்ற வரலாறு, கொலைக் கருவியை ஆக்குபவனின் தன்வரலாறாக மாறிற்று. மனிதனின் இயல்பைவிட அவன் நிறுத்தப்படும் சூழலே அவன் செயலைத் தீர்மானிக்கிறது என்ற உளவியலறிஞர் மில்கிராமின் கருத்தைப் படத்தின் முகப்பிற் பொறித்து வைத்திருக்கிறார் பாடிலியா. ஆனால் முகப்பில் வரும் எழுத்து சில விநாடிகளே நிற்கும். காதோடு பேசும் குரலோ இரண்டு மணி நேரம் தொடர்கிறது. இரண்டில் எது வெல்லும் என்பதை நெறியாளர் அறியாதிருந்திருக்க முடியாது.

அயல்நாட்டார் இப்படத்தைத் தம்மிடமிருந்த அச்சுகளிலே வார்த்தெடுத்தனர். அமெரிக்கருக்கு 'அழுக்கு ஹரி' (1971) போன்ற, சட்டத்தை மீறி நீதி செய்யும் பொலிஸ்காரர் கதைகள் பழக்கமானவை. இதனையும் அவ்வரிசையிலே வைத்தனர். ஐரோப்பியருக்குப் பாசிசம் என்பது சொந்தப் பாட்டன்மாரின் நினைவு. கறுப்புச் சீருடையும் மண்டையோடும் கண்ணிற்பட்டவுடன், அதிலும் பேர்லின் நகரிலே பட்டவுடன், அவர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை. எனினும் பாசிசம் என்ற சொல்லை உச்சரித்ததும் ஆராய்ச்சி முடிந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி அவர்களுக்கு உண்டாயிற்று. இந்நோய் நம்மிடமும் உண்டு; பெயர் சூட்டிவிட்டாற் பகைவன் பாதி வீழ்ந்தான் என்று எண்ணுகிறோம். பிரேசிலின் பொலிஸ் கொடுமை ஐரோப்பியப் பாசிசத்தின் பிரதியன்று. தேர்தலும் பாராளுமன்றமும் சுதந்திரப் பத்திரிகையும் இருக்க, அவற்றின் நடுவிலேயே அடிமைக்காலக் காவற்படையின் தொடர்ச்சியாக நிகழ்வது அது. 1985இல் இராணுவ ஆட்சி முடிந்த பின்னும் கொலைக் கணக்குக் குறையாது நின்றது அதனாலேயே.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. இப்படத்தின் உண்மையான குற்றச்சாட்டு ரியோவின் நடுத்தர வர்க்கத்தார் மேலானது. மத்தியாஸ் படிக்கும் வகுப்பிலே மாணவர் பூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலை விவாதிக்கின்றனர்; பொலிசை வைகின்றனர்; மாலையில் கஞ்சா புகைக்கின்றனர்; அவர்களுட் சிலர் அரசுசாரா நிறுவனமொன்றின் பெயரால் பவேலாவிற் சேவையும் செய்கின்றனர். அந்தக் கஞ்சாவின் விலையைக் கொடுப்பது குன்றின்மேற் சாகும் சிறுவனே என்பது கப்டனின் வாதம். ரியோவின் மாணவர் இதனைக் கேட்டு நெளிந்தனர். கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் பேர்லினிலும் இலண்டனிலும் பார்த்தவர்க்கு அது எவரோ எவரையோ அறையும் காட்சி. விலாசம் மாறிய கடிதத்தைப் பிரித்துப் படிப்பவரைப்போல் அவர்கள் அதனைப் பார்த்தனர். உலகின் போதைச் சந்தைகளில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமே பெருஞ் சந்தைகள் என்பது அந்த இருட்டறையில் எத்தனை பேர் நெஞ்சில் உறைத்ததோ! கப்டனின் வாதத்தை நான் ஏற்கவில்லை. போதைப்பொருளைச் சட்டவிரோதமாக்கி, குன்றுகளிற் பாடசாலையும் தொழிலும் அமைக்காது துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் அனுப்பிய ஆளும் வர்க்கத்தை அவன் கணக்கில் எடுப்பதேயில்லை. ஆயினும் தவறான கணக்கிலும் ஓர் உண்மை இலக்கம் இருக்கக்கூடும்.

அயல்நாட்டுக்கும் இப்பொலிசுக்கும் உள்ள உறவு வெறும் பார்வையாளர் உறவு மட்டுமன்று. இதனை நன்கறிந்தவர்களுள் ஒருவர் நடுவர் குழுத் தலைவரே. கொஸ்தா காவ்ராஸ் 1972இல் எடுத்த 'முற்றுகை நிலை', தென்னமெரிக்கப் பொலிசாருக்குப் பயிற்சியளிக்க வந்த அமெரிக்க ஆலோசகன் ஒருவனைப் பற்றியது. அப்பாத்திரத்தின் மூலம் டான் மித்ரியோன் என்பவர். 1970 ஓகஸ்டில் உருகுவேயில் துப்பமாரோஸ் கெரில்லாக்களாற் கொல்லப்பட்டவர். உருகுவேக்கு வருமுன் 1960களில் அவர் பணிபுரிந்த நாடு பிரேசில். பெலோ ஒரிசோன்டே நகரிலும் ரியோவிலும் பொலிசாருக்கு ஆலோசகராயிருந்தார். அவரை அனுப்பிய பொதுப் பாதுகாப்புத் திட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1974இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றோர் தத்தம் படைகளிலேயே இருந்தனர். ஆகவே 'இக்கொடுமையைப் பாரீர்' என்று அயலார் வியந்தபோது, அக்கொடுமையின் பாடத்திட்டத்திற் சில பக்கங்கள் அயல்நாட்டில் எழுதப்பட்டவை என்பதைத் தலைவர் அறிவார், ஏனையோர் அறிந்திலர். காவ்ராஸ் ஏன் இப்படத்தின் பக்கம் சாய்ந்தார் என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே நான் விளங்கிக்கொள்கிறேன். சித்திரவதையைச் சித்திரவதை செய்பவனின் வாயாலே சொல்லக் கேட்பது அவருக்கு ஒப்புதல் வாக்குமூலமாகப் பட்டிருக்கலாம். வாக்குமூலமும் வீரப்பிரதாபமும் சில வேளைகளில் ஒரே சொற்களால் ஆனவை என்பதுதான் இடர்ப்பாடு.

கண்டித்தவரும் புகழ்ந்தவரும் ஒருங்கே காணத் தவறிய இடமொன்று படத்தின் முடிவிலே உண்டு. கூட்டாளியின் கொலைக்குப் பழிவாங்க வந்த மத்தியாசின் காலடியிற் காயப்பட்டுக் கிடக்கிறான் போதை வணிகன். முகத்திற் சுடவேண்டாம், செத்த வீட்டிலே முகத்தைப் பார்க்கவேண்டும் என்று மன்றாடுகிறான். துப்பாக்கியின் வாய் பார்ப்போரை நோக்கி நீள்கிறது, படம் முடிகிறது. பவேலாவிற் பிறந்தவன் ஒருவன் தன் சாவைப்பற்றித் தானே பேசும் இந்தச் சில விநாடிகள் கப்டனின் குரலை மீறி வெளிப்பட்டவை. விமர்சனங்கள் பெரும்பாலும் துப்பாக்கி பிடித்தவனைப் பற்றியே பேசின. நாமும் அப்படத்துக்கு அயலவரே. எனினும் சுற்றிவளைப்பையும் அடையாள அணிவகுப்பையும் கண்ட ஊரவர்க்கு அந்த இடத்திற் கண் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

2010 ஒக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தது. திருட்டுப் பிரதி வெளியேறாதபடி இம்முறை கடுங்காவல். படமாளிகைகளில் மட்டும் ஒரு கோடியே பத்து இலட்சம் பேர் பார்த்தனர். அதுவரை எந்தப் பிரேசில் படமும் அவ்வளவு கூட்டத்தைக் கண்டதில்லை. முதற் பாகத்தின்மீது எழுந்த கண்டனங்களுக்குப் பாடிலியா தந்த விடையாகவே இதனைக் கொள்ளலாம். நாசிமென்டோ இப்போது உயரதிகாரி. போதை வணிகரை விரட்டிய குன்றுகளிற் பொலிசாரும் அரசியல்வாதிகளும் சேர்ந்து குண்டர்படை நடத்திக் கப்பம் வாங்குவதைக் காண்கிறான். தான் யாருக்குச் சேவகம் செய்தோம் என்று காலந்தாழ்த்தி உணர்கிறான். அவன் ஏளனம் செய்த மனித உரிமைவாதியே நேர்மையாளனாக எழுகிறான். ரியோ சட்டமன்றத்தில் 2008இல் அக்குண்டர்படைகளை விசாரித்து இருநூறுக்கு மேற்பட்டோரைப் பெயர்சுட்டிய மார்சேலோ பிரெய்ஷோவே அப்பாத்திரத்தின் மூலம். அரசியற் பார்வையில் முதற்பாகத்தினும் இது எத்துணையோ தெளிவானது. ஆனால் அயல்நாட்டில் இதற்கு அந்த ஆரவாரமும் இல்லை, அந்தக் கண்டனமும் இல்லை. பேர்லினிற் போட்டிக்குப் புறம்பான பிரிவொன்றிற் காட்டப்பட்டது. ஒஸ்காருக்குப் பிரேசில் அனுப்பியும் இறுதிப் பட்டியலுக்கு வரவில்லை. அதிர்ச்சி தரும்வரை பார்த்தவர்கள், விளக்கம் தரத் தொடங்கியதும் எழுந்து போனார்கள் என்று தோன்றுகிறது. பாடிலியாவை ஹொலிவூட் அழைத்து, 2014இல் இயந்திரப் பொலிஸ்காரன் கதையாகிய 'ரொபோகொப்'பைப் புதுப்பிக்கச் செய்தது.

பிரெய்ஷோவின் விசாரணைக் குழுவில் அவருடன் உழைத்த மரியேல் பிராங்கோ பின்னர் ரியோ நகரசபை உறுப்பினரானார். பவேலாவிற் பிறந்த கறுப்பினப் பெண். 2018 மார்ச் 14ஆம் நாள் வாகனத்தில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் முன்னாள் இராணுவப் பொலிஸ்காரர், 2024இல் தண்டிக்கப்பட்டார். ஆயுதம் ஜேர்மனிய வடிவமைப்பான எம்.பி. 5 ரகத் துப்பாக்கி என்று விசாரணையில் வெளிவந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில், கப்டன் நாசிமென்டோவாக நடித்த அதே வாக்னர் மௌரா, 1969இற் பொலிசாராற் கொல்லப்பட்ட பொதுவுடைமைப் போராளி மாரிகெல்லாவைப் பற்றித் தாம் நெறிப்படுத்திய படத்துடன் பேர்லின் சென்றார். அங்கே உடனே காட்டப்பட்ட அப்படம் பிரேசிலிலே திரைக்கு வருவதற்கு 2021 நவம்பர் ஆயிற்று.

விருந்தினர் வருமுன் குன்றுகளைத் துப்புரவாக்கும் வழக்கம் படத்தின் கற்பனையன்று. 2007 யூலையில் அமெரிக்கக் கண்ட விளையாட்டுப் போட்டிகள் ரியோவில் தொடங்குவதற்கு இரு வாரங்களுக்கு முன், அலெமாவோ குன்றுத்தொகுதியில் ஒரே நாளில் 19 பேர் கொல்லப்பட்டனர். அதே அலெமாவோவிலும் அடுத்துள்ள பெஞ்ஞாவிலும் 2025 ஒக்டோபர் 28ஆம் நாள் ஏறக்குறைய 2,500 பொலிசார் நுழைந்தனர். கறுப்புச் சீருடைப் பிரிவும் அதில் இருந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பொலிசாரும் இருந்தனர். நகரின் வரலாற்றிலேயே இத்தனை உயிரைக் குடித்த பொலிஸ் நடவடிக்கை வேறில்லை. அடுத்து வந்த கருத்துக் கணிப்புகளில் ரியோ மக்களிற் பெரும்பான்மையோர் அதனை ஆதரித்தனர். உலகப் பத்திரிகைகள் கண்டித்தன.

மறுநாட் காலையில் பெஞ்ஞாவின் மக்கள் குன்றின் மேலுள்ள காட்டுக்குட் சென்று, அங்கே கிடந்த உடல்களைத் தாமே சுமந்துவந்து சதுக்கத்தில் வரிசையாகக் கிடத்தினர். அறுபதுக்கு மேற்பட்ட உடல்கள். தாய்மாரும் மனைவியரும் வரிசை நெடுகிலும் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சென்றனர்.